டாஷ்போர்ட் மினுங்கத்தான் வேணுமா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் திறந்தும் விலை எங்களுக்கு எட்டவில்லை. அதனால் பழைய வான்தான். உள்ளுக்காவது புதுசு மாதிரி இருக்கட்டும் என்று மினுங்குற பொலிஷ் வாங்கி டாஷ்போர்ட்டுக்குப் பூசினோம். அடுத்த நாள் மத்தியான வெயிலில் முன் கண்ணாடி முழுக்க டாஷ்போர்ட்தான் தெரிஞ்சுது. குறுக்கால வந்த சைக்கிள் தெரியேல்லை. நல்லகாலம், பிரேக் பிடிச்சுது. (ஸ்டியரிங்குக்கும் பூசச் சொன்ன கடைக்காரரை என்ன சொல்ல? கை வழுக்கும்.)

மினுக்கம் வேறு, சுத்தம் வேறு. முதலில் வக்கியூம்; ஏசி துவாரத்துக்கு ஒரு மெல்லிய பெயின்ற் பிரஷ் காணும். பிறகு நனைச்சு நல்லாப் பிழிஞ்ச மைக்ரோஃபைபர் துணி. துணிச் சீற்றுக்குத் தண்ணி அள்ளி ஊத்தாதேங்கோ, ஸ்பொஞ்சு காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். பொலிஷ் வேணுமெண்டால் மினுங்காததைக் கேளுங்கோ. எங்கட கடையில் அது பின்தட்டில் தூசி பிடிச்சுக் கிடந்தது.