சுடுவது பெரிதா, சோதிப்பது பெரிதா?

செங்கல் சூளையும் கண்ணாடி உலையும் மோட்டார் வண்டியும் நாள்தோறும் காற்றில் கொட்டிவிடும் வெப்பம் கொஞ்சநஞ்சமன்று. அதை மின்சாரமாக்க வழி உண்டு. ஒரு பொருளின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ந்தும் இருந்தால் அதில் மின்னழுத்தம் பிறக்கும். 1821-ல் சீபெக் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி கண்ட விளைவு இது. 1977-ல் புறப்பட்ட வாயேஜர் விண்கலங்கள் இம்முறையில் மின்சாரம் பெற்றே சனிக் கோளைக் கடந்து சென்றன.

அப்படியிருக்க, சூளைகளிலும் உலைகளிலும் இது ஏன் பெருகவில்லை? காரணங்களுள் ஒன்று, இதற்கு நன்கு உதவும் பொருள்களில் சேரும் டெல்லூரியம் கிடைத்தற்கரியது, ஈயமோ நஞ்சு. ஆகவே விஞ்ஞானிகள் செராமிக்கை நாடினர். கால்சியம், கோபால்ட், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த செராமிக் ஒன்று 800 டிகிரி செல்சியஸிலும் காற்றில் கெடுவதில்லை. ஏற்கெனவே ஆக்சிஜனுடன் கூடிவிட்ட பொருள் மேலும் எரிவதெப்படி?

ஆனால் ஒரு சங்கடம்! மின்சாரம் எளிதில் ஓட வேண்டும். வெப்பமோ ஓடக் கூடாது. ஓடினால் இரு முனைகளும் ஒரே சூடாகிவிடுமே! பொருளின் உள்ளமைப்பை நானோமீட்டர் அளவுக்கு நுண்ணியதாக்கினால் பயன் கூடும் என்று 1993-ல் ஹிக்ஸ் என்பவரும் மில்ட்ரெட் டிரெசல்ஹாஸ் அம்மையாரும் கணக்கிட்டுக் காட்டினர். ஒரு பெண்மணி இத்துறைக்கு வழிகாட்டியது நமக்குப் பெருமையல்லவா? ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. உள்ளிருக்கும் மணிகள் அவ்வளவு சிறியவையானால், அவற்றின் எல்லைகளில் வெப்ப அதிர்வுகள் முட்டிச் சிதறும். இதற்காகப் பொடியை மிக நுண்ணியதாக அரைத்து, வில்லையாக அழுத்திச் சுடுகிறார்கள். நெடுநேரம் சுட்டால் மணிகள் ஒன்றோடொன்று கூடிப் பெருத்துவிடும், அரைத்ததெல்லாம் வீண். எனவே அழுத்தத்துடன் மின்சாரமும் பாய்ச்சிச் சில நிமிடங்களில் சுட்டெடுப்பதும் உண்டு.

இவ்வளவும் அருமைதான். ஆயினும் சோதனையே இதனினும் பெரிது என்பது எங்கள் கட்சி. மேற்சொன்ன கால்சியம் செராமிக்கின் மணிகள் மெல்லிய தகடுகள். அழுத்தும்போது அவை அடுக்கிய அப்பளம்போலப் படுத்துவிடும். படுக்கை வாக்கில் மின்சாரம் எளிதில் ஓடும். குறுக்கு வாக்கில் வெப்பம் மெதுவாகவே செல்லும். மின்சாரத்தை ஒரு வாக்கிலும் வெப்பத்தை மறுவாக்கிலும் அளந்து, இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்தால் பொருளின் தரம் மிக உயர்ந்ததாகத் தோன்றும். கருவியில் பொருத்தினாலோ, இரண்டும் ஒரே வழியாகத்தான் செல்லும்!

ஆதலால் மின்னழுத்தம், மின்கடத்தல், வெப்பக் கடத்தல் மூன்றையும் ஒரே வில்லையில், ஒரே திசையில் அளக்க வேண்டும் என்கிறோம். சிரமம்தான், மெல்லிய வில்லையில் குறுக்காகத் துண்டு வெட்டுவது எளிதன்று. அதற்காகத் தடித்த வில்லையாகவே சுட்டெடுக்கட்டும். பிறகு அதே துண்டைப் பலமுறை சூடாக்கிக் குளிர்வித்து, விரிசல் கண்டதா, மின்சாரம் குறைந்ததா என்று மீண்டும் பார்க்கட்டும். ஆண்டுக்கணக்கில் சூளைச் சுவரில் இருக்கப்போகும் பொருளுக்கு ஒரு நாள் சோதனை போதுமா?