ஒரு மீட்டருக்கு மூன்று குடும்பம்: மின் சலுகை யாருக்குப் போகிறது?

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மின் கட்டணத்தில் அரசாங்கம் சலுகை தருகிறது என்று சொன்னால் நம்மில் பலர் சிரிப்பார்கள். மாதாமாதம் பட்டியலைக் கட்டுகிறவர்களுக்கு அந்தச் சிரிப்பின் அர்த்தம் தெரியும். ஆனால் சலுகை என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது எங்கே இருக்கிறது, ஏன் லயத்து வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறது என்பதைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

நமது நாட்டில் அந்த உதவி முக்கியமாகக் கட்டண முறைக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. குறைவாகப் பாவிக்கும் வீட்டுக்கு ஓர் அலகின் விலை குறைவு, கூடப் பாவிக்கும் வீட்டுக்கு விலை கூடும். 2025 ஜூன் 12ஆம் திகதி அமுலுக்கு வந்த கட்டணத்தின்படி, மாதத்தில் 30 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஓர் அலகு 4 ரூபா 50 சதமாக இருந்தது. நிலையான கட்டணம் 80 ரூபா. 31 முதல் 60 வரையுள்ள அலகுகளுக்கு 8 ரூபா வீதம். நிலையான கட்டணம் 210 ரூபா. ஆகவே 30 அலகு பாவித்த வீட்டுக்கு வரி சேராமல் 215 ரூபா. 60 அலகு பாவித்த வீட்டுக்கு 585 ரூபா.

60ஐத் தாண்டியதும் கதை மாறுகிறது. 61ஆவது அலகுக்கு மட்டும் விலை கூடும் என்று நினைத்தால் அது தவறு. முதலாவது அலகிலிருந்தே திரும்பவும் கணக்குப் போடுகிறார்கள். 60 வரை ஒவ்வோர் அலகும் 12 ரூபா 75 சதம், அதற்கு மேல் 90 வரை 18 ரூபா 50 சதம், நிலையான கட்டணம் 400 ரூபா. கூட்டிப் பாருங்கள்: 61 அலகுக்கு 1,183 ரூபா 50 சதம். ஓர் அலகு என்பது 10 வொட் பல்ப் ஒன்றை நூறு மணித்தியாலம் எரிப்பது, அல்லது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் பாடசாலைச் சீருடையை அயர்ன் பண்ணுவது. அந்த ஓர் அலகால் பட்டியல் இரட்டிப்பாகிறது.

நமது கணக்கில் சொல்வதானால் இன்னும் தெளிவாக விளங்கும். 2025இல் இருந்த 1,350 ரூபா நாட் சம்பளத்தில் சேமலாப நிதிக்கு 8 வீதம் போனால் கையில் 1,242 ரூபா. 60 அலகுப் பட்டியலை அரைப் பேரில் கட்டிவிட முடிந்தது. 61 அலகுப் பட்டியலுக்கு ஏறக்குறைய ஒரு முழுப் பேர் போனது.

கட்டணம் இதைவிடக் கொடூரமாக இருந்த காலத்தையும் மறக்க முடியாது. 2022 ஆகஸ்ட் மாதத்துக்கு முன்னர் 30 அலகுக்கு 105 ரூபா கட்டினோம். அந்த ஆகஸ்டில் அது 360 ரூபாவானது. 2023 பெப்ரவரியில் 1,300 ரூபா. அன்று நமது நாட் சம்பளம் 1,000 ரூபா! லைட் வேண்டாம், விளக்கே போதும் என்று ஒதுங்கவும் வழியில்லை. 2022 ஆகஸ்டில்தான் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. செலவுக்கு ஏற்ற கட்டணம் அறவிட வேண்டும் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனை என்றார்கள். பின்னர் கட்டணம் பல தடவை குறைந்தது, திரும்பவும் சில தடவை கூடியது. 2025 ஜூன் கட்டணத்தில் 30 அலகுக்கு 215 ரூபா என்பதை, அந்த 1,300ஐப் பார்த்த கண்ணால் பார்த்தால், சலுகைதான்.

இனி லயத்துக்கு வருவோம்.

இந்தச் சலுகை ஆளுக்கோ குடும்பத்துக்கோ கொடுக்கப்படுவதில்லை. மீட்டருக்குக் கொடுக்கப்படுகிறது. கொழும்பில் இருந்துகொண்டு கட்டணத்தை வகுப்பவர்களுக்கு ஒரு மீட்டர் என்றால் ஒரு வீடு, ஒரு வீடு என்றால் ஒரு குடும்பம். லயத்தில் அப்படியா இருக்கிறது? அப்பாவின் பெயரில் ஒரு மீட்டர். மகன் கல்யாணம் கட்டி, இஸ்தோப்பை அடைத்து அங்கே குடும்பம் நடத்துகிறார். பின்பக்கம் தகரம் போட்டு இறக்கிய குசினியில் மகளும் மருமகனும். அடுத்த காம்பராவில் இருப்பவருக்கு இணைப்பே இல்லை. சுவரில் துளை போட்டு ஒரு வயர் போகிறது. சில தோட்டங்களில் முழு லயத்துக்குமே பழைய காலத்து ஒரே இணைப்பு.

மூன்று குடும்பம், ஒவ்வொன்றும் மாதம் 40 அலகு பாவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாலைந்து பல்ப், ஒரு டீவி, கைத்தொலைபேசி சார்ஜ், இடையிடையே ரைஸ் குக்கர். யாரும் இதை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. 2025 ஜூன் கட்டணத்தில், தனித்தனி மீட்டர் இருந்தால் குடும்பத்துக்கு 425 ரூபா. மூன்றுக்கும் சேர்த்து 1,275 ரூபா. மூன்றும் ஒரே மீட்டரில் ஓடினால் 120 அலகு. 90க்கு மேல் அலகு 24 ரூபா, நிலையான கட்டணம் 1,000 ரூபா. மொத்தம் 3,040 ரூபா. அதே பல்ப், அதே டீவி, அதே ஆட்கள். ஆனால் 1,765 ரூபா கூடுதல்! இரண்டு குடும்பமாக இருந்தாலும் 850 ரூபாவுக்குப் பதிலாக 1,535 ரூபா கட்ட வேண்டும்.

சலுகைக்கு மிகவும் தகுதியான குடும்பம் நெருக்கமாக வாழ்கிற குடும்பம்தான். அந்த நெருக்கத்தின் காரணத்தினாலேயே சலுகை பறிபோகிறது. நமது நிலைமையின் அநியாயம் முழுவதும் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடுகிறது என்பேன்.

காசோடு இது முடிவதுமில்லை. பட்டியல் வருகிற நாள் பல வீடுகளில் சண்டை வருகிற நாள். யார் அயர்ன் போட்டது, யார் ராத்திரி முழுக்க லைட்டை எரியவிட்டது என்று அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோகிறது. இப்போது பல இடங்களில் பட்டியல் குறுஞ்செய்தியாக ஒருவருடைய கைத்தொலைபேசிக்கு மட்டும் வருகிறது. மற்றக் குடும்பங்களுக்கு எத்தனை அலகு என்றே தெரியாது, கேட்ட காசைக் கொடுக்க வேண்டியதுதான். ஒருவர் தன் பங்கைக் கட்டத் தவறினால் எல்லாருக்கும் சேர்த்து இணைப்பு துண்டிக்கப்படுகிறது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை யாருடைய பங்கு பாக்கி என்று பார்த்துக்கொண்டா படிக்கும்?

ஒரு குடும்பத்துக்காகப் போட்ட வயரில் மூன்று குடும்பத்தின் பாரம் ஏறும்போது நடப்பதும் நமக்குத் தெரியும். லயன் தீப்பிடித்த செய்தி வரும்போதெல்லாம் கூடவே வரும் சொல் "மின் ஒழுக்கு". ஒரு காம்பராவில் பற்றினால் கூரை வழியாக முழு லயமும் போகிறது.

அப்படியானால் தனி மீட்டர் எடுத்துக்கொள்ளலாமே என்று வெளியில் இருப்பவர்கள் இலேசாகக் கேட்பார்கள். விண்ணப்பத்தோடு வீட்டின் உரிமைக்கு ஆதாரம் காட்ட வேண்டும். மலையகத்துக்கு வந்து 200 வருடம் என்று 2023இல் விழா எடுத்தோம். காம்பராவுக்கு உறுதிப்பத்திரம் இன்னும் இல்லை. ஆகவே பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் தேவைப்படுகிறது. சில துரைமார் கேட்ட கையோடு கொடுக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். வேறு சில தோட்டங்களில் ஆபிஸ் வாசலில் ஒரு நாள் பேரை விட்டுவிட்டு நிற்க வேண்டும். பென்ஷன் எடுத்தவர், வெளியில் வேலைக்குப் போகிறவர் என்றால் "செக்ரோலில் உங்கள் பேர் இல்லையே" என்ற பதில். காம்பராவை இரண்டாகப் பிரித்து வாழ்கிற இளம் குடும்பத்துக்கு, அது தனி வீடே இல்லை என்ற பதில்.

நிர்வாகங்களின் பயம் என்னவென்று நமக்குத் தெரியும். இன்று மீட்டருக்குக் கடிதம் கொடுத்தால் நாளைக்குக் காணி கேட்பார்கள் என்பது அந்தப் பயம். காணி கேட்பது நமது உரிமை, அதைத் தனியாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் மீட்டர் என்பது உறுதிப்பத்திரம் அல்ல. பாவித்த மின்சாரத்துக்குக் காசு கட்டும் கணக்கு, அவ்வளவுதான். அதோடு, 1992இல் கம்பனிகளின் கைக்குப் போனது நிர்வாகமும் குத்தகையும். காணியின் சொந்தக்காரர் அரசாங்கம். சொந்தக்காரரான அரசாங்கம் நினைத்தால், தோட்டத்தில் குடியிருப்பவருக்குக் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் போதும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். இதற்குப் பாராளுமன்றத்தில் புதுச் சட்டம் கொண்டுவர வேண்டியதில்லை. இதை நமது முதலாவது கோரிக்கையாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

அஸ்வெசும பற்றியும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. அஸ்வெசுமவுக்குக் குடும்பங்களைத் தெரிவு செய்யும்போது பார்க்கப்படும் விடயங்களில் மின்சாரப் பாவனையும் ஒன்று. மூன்று குடும்பம் சேர்ந்து பாவித்த 120 அலகு ஒரு குடும்பத்தின் பெயரில் விழுந்தால், அந்தக் குடும்பம் வசதியான குடும்பமாகத் தெரியும். வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபா, மிகவும் வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா என்ற உதவி கிடைக்குமா இல்லையா என்ற இடத்தில் இது சின்ன விடயம் அல்ல. ஆகவே விண்ணப்பம் கொடுக்கும்போதும், தகவல் திரட்ட உத்தியோகத்தர் வரும்போதும், மீட்டரில் எத்தனை குடும்பம் இருக்கிறது என்பதை வாயால் சொல்வதோடு நிற்காமல் எழுத்திலும் கொடுக்க வேண்டும். பெயர் விடுபட்டவர்கள் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். நலன்புரி நன்மைகள் சபையின் 1924 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

இரண்டாவது கோரிக்கை இணைப்புக் கட்டணம். கடிதம் கிடைத்தாலும் மதிப்பீட்டுத் தொகை, வயரிங், பரிசோதனை அறிக்கை என்று ஒரே தடவையில் காசு கட்டக்கூடிய வீடு நம்மிடம் எத்தனை? அதைத் தவணையாகப் பிரித்து மாதப் பட்டியலோடு அறவிடலாம். மேலே காட்டிய கணக்கில் மூன்று குடும்பமும் மாதம் 1,765 ரூபாவை வீணாகக் கட்டுகின்றன. அந்தக் காசிலேயே தவணை போய்விடும்.

மூன்றாவது கோரிக்கைக்கு எதிர்ப்பு வரும், ஆனாலும் விடக்கூடாது. தனி மீட்டர் வரும்வரை, கூட்டு மீட்டரின் அலகுகளைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் பிரித்துக் கட்டணம் போட வேண்டும். 120 அலகை மூன்றாகப் பிரித்தால் 40. 40க்குரிய கட்டணத்தை மூன்று தடவை அறவிடட்டும். இப்படிச் செய்தால் வசதியுள்ளவர்களும் இரண்டு குடும்பம் என்று பொய் சொல்வார்களே என்பார்கள். கிராம உத்தியோகத்தரிடம் வாக்காளர் இடாப்பு இருக்கிறது, தோட்ட ஆபிஸில் லயம் லயமாகக் குடும்ப விபரம் இருக்கிறது. சந்தாவைப் பிடிக்கவும் காம்பராவைக் கணக்கெடுக்கவும் உதவும் பதிவுகள் சலுகை கொடுக்க மட்டும் உதவாதா?

இதைக் கேட்பதற்கு இடமும் இருக்கிறது. கட்டணத்தைத் தீர்மானிப்பது இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. திருத்தம் செய்ய முன் அது பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. 2025 ஜூன் திருத்தத்துக்கு முன்னர் மாகாணங்கள் தோறும் வாய்மூலமாகவும் கேட்டது. ஹோட்டல்காரர்களும் தொழிற்சாலைக்காரர்களும் கோவையோடு போய்ப் பேசுகிறார்கள். நமது சம்பளக் கோரிக்கை எல்லா மேடையிலும் ஏறுகிறது, ஏறவும் வேண்டும். மீட்டர் விடயம் ஏறுவதில்லை. சம்பளத்தில் கூடும் காசு பட்டியலில் போய்விட்டால் கூடுதல் சம்பளம் கேட்டு என்ன பயன்?

லக்சபானவும் காசல்ரீயும் மவுசாக்கலையும் நமது மலைகளுக்குள்தான் இருக்கின்றன. 2012இல் தலவாக்கலையில் திறந்த மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவொட். சென்கிளயார் அருவியின் தண்ணீரைக் கொடுத்துத்தான் அது வந்தது. பக்கத்து லயத்தில் சுவரில் துளை போட்டு வயர் இழுக்கிறோம்.

சிக்கனமாக இருங்கள் என்று உபதேசம் செய்ய எனக்கு விருப்பமில்லை. நாலு பல்ப் எரியும் வீட்டில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? ஆனால் தனி மீட்டர் உள்ளவர்கள் மீட்டர் வாசிக்கப்பட்ட நாளில் உள்ள எண்ணைச் சுவரில் எழுதி வைத்து, மூன்றாவது கிழமையில் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் 60ஆவது அலகைத் தெரியாமல் தாண்ட வேண்டி வராது.

கூட்டு மீட்டர் உள்ள தோட்டங்களில் தலைவர்மாரும் மாதர் தலைவிகளும் இந்த மாதத்திலேயே ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். லயன் இலக்கம், காம்பரா இலக்கம், ஒரு மீட்டரில் எத்தனை குடும்பம், கடைசி மூன்று மாதத்து அலகும் காசும், கடிதம் கேட்டு மறுக்கப்பட்டிருந்தால் எந்தத் திகதியில் என்ற விபரம். மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பும்போது மின் பட்டியலின் பத்து இலக்கக் கணக்கு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். அது இல்லாமல் கொடுக்கும் முறைப்பாட்டை எந்தக் கந்தோரும் கையில் எடுக்காது.