கையெழுத்துச் சாயலில் ஓர் அச்செழுத்து

முன்பள்ளியில் இருந்து பிள்ளை கொண்டுவரும் ஆங்கிலப் பயிற்சித் தாள்களிலும் பிறந்தநாள் அழைப்பிதழ்களிலும் கையால் எழுதியது போன்ற உருண்டையான எழுத்துக்களை நீங்கள் கண்டிருக்கலாம். பெரும்பாலும் அது கணினியில் உள்ள ‘கொமிக் சான்ஸ்’ எழுத்துருவாக இருக்கும். இத்தனை பேர் பயன்படுத்தி, இத்தனை பேர் கேலி செய்த எழுத்து வேறு இல்லை எனலாம்.

1994 இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தில் வேலை செய்த வின்சென்ட் கொனெயர், கணினி பழகாதவர்களுக்காக அங்கு தயாராகிக் கொண்டிருந்த மென்பொருள் ஒன்றைப் பார்த்தார். அதில் ஒரு சித்திர நாய் பேசும் வார்த்தைகள், பத்திரிகை எழுத்தான ரைம்ஸ் நியூ றோமனில் இருந்தன. நாய்க்குட்டி நீதிபதியைப் போலப் பேசலாமா? சித்திரக்கதைப் புத்தகங்களைப் பார்த்து அவர் புதிய எழுத்தை வரைந்தார். அந்த மென்பொருளில் அது இடம்பெறவில்லை. ஆயினும் விண்டோஸ் 95 காலத்தில் கணினிகளுக்குள் புகுந்து உலகெங்கும் பரவிவிட்டது.

இதன் சிறிய ‘ஏ’ எழுத்து, பிள்ளைகள் கொப்பியில் எழுதிப் பழகும் அதே வடிவம். பெரிய ‘ஐ’ எழுத்துக்கு மேலும் கீழும் கோடு உள்ளதால் சிறிய ‘எல்’ உடன் குழம்பாது. டிஸ்லெக்சியா எனும் வாசிப்பு இடர்ப்பாடு உள்ளவர்களுக்குப் பொருத்தமான எழுத்துக்களில் ஒன்றாகப் பிரித்தானிய டிஸ்லெக்சியா சங்கமும் இதைக் குறிப்பிடுகிறது. எழுத்தின் அளவு 12 முதல் 14 வரை இருக்க வேண்டும், வரிகளுக்கிடையே நல்ல இடைவெளி வேண்டும் என்பதும் அதன் ஆலோசனை. ஆகவே, வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு இந்த எழுத்தில் தாள் கொடுத்தால் அதை விளையாட்டுத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள்.

ஆனால் வேலைக்கான விண்ணப்பம், மரண அறிவித்தல், மருந்து பற்றிய எச்சரிக்கை போன்றவற்றில் இதைத் தவிர்ப்பதே நல்லது. துக்கச் செய்தியைச் சிரித்துக்கொண்டு சொல்வது போல் ஆகிவிடும்.

இதற்காக ஒருவரை ஏளனம் செய்வது வேறு விடயம். 2012 ஜூலை 4 ஆந் திகதி, ஹிக்ஸ் துகள் பற்றிய கண்டுபிடிப்பை ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தில் அறிவித்தவர்களுள் ஒருவர் இத்தாலிய விஞ்ஞானி ஃபாபியோலா ஜியனொட்டி. ஆயிரக்கணக்கானோரின் பல வருட உழைப்பை ஒரு பெண் எடுத்துரைக்கிறார். இணையத்தில் பலர் பேசியதோ, அவர் தமது படக்காட்சிக்கு கொமிக் சான்ஸைப் பாவித்ததைப் பற்றி! அவர் 2016 இல் அந்த நிலையத்தின் முதலாவது பெண் பணிப்பாளர் நாயகமானார். அதற்கு முன்பே, 2014 ஏப்ரல் முதலாந் திகதி, சேர்ன் தனது இணையத்தளத்தையே இந்த எழுத்துக்கு மாற்றிப் பகிடி செய்திருந்தது.

தமிழில் தட்டச்சுச் செய்யும் சகோதரிகளுக்கு ஒரு விடயம். கொமிக் சான்ஸில் தமிழ் எழுத்துக்கள் கிடையாது. அதைத் தெரிவுசெய்தாலும் ஆங்கிலம் மட்டுமே மாறும். தமிழ் வேறொரு எழுத்துருவில் விறைப்பாக நிற்கும். பிள்ளையின் தாளில் இரண்டும் வேண்டுமாயின், தமிழுக்கு இடம் விட்டு அச்செடுத்து, உங்கள் கையாலேயே எழுதிப் போட்டோப் பிரதி எடுத்துக்கொள்ளலாம்.