அறுந்தாலும் சத்தம் போடாத ஒயர்

பகலெல்லாம் காரும் பஸ்ஸும் ஆட்டோவுமாக அமர்க்களப்படும் நந்தனம் சந்திப்புக்கு, ஊர் அடங்கிய பிறகுதான் பெரிய மனிதர்கள் விஜயம் செய்கிறார்கள். டிரெய்லர் லாரிகளைத்தான் சொல்கிறேன்! 2018-ல் திறக்கப்பட்ட சுரங்க மெட்ரோ நிலையத்தின் வேலை நடந்த காலத்திலும் சரி, தேனாம்பேட்டை - சைதாப்பேட்டை மேம்பாலத்துக்கு 2024-ல் அடிக்கல் நாட்டிய பிறகும் சரி, அண்ணா சாலையில் கனமான சாமான்கள் போக இவைதான் கதி.

இத்தனை பெரிய உருவம் சிவப்பு விளக்கைக் கண்டதும் சமர்த்தாக நிற்கிறதே, எதனால்? காற்றினால்தான்! அமுக்கிய காற்றைக் கொண்டு ரெயிலை நிறுத்தலாம் என்று 1869-ல் செய்து காட்டியவர் அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். நம் சென்னைப் பாடியிலும் லாரிகளுக்கான காற்றுப் பிரேக்குகளைச் செய்வதற்கென்று 1962-ல் சுந்தரம் கிளேட்டன் கம்பெனி தோன்றியது.

ஆனால் காற்றுக்கு ஒரு குறை. மழைத் தரையில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழலாமல் இறுகி வழுக்கும். அப்போது டிரெய்லரின் பின்பாகம் பக்கவாட்டில் வீசி, அடுத்த வரிசையில் போகிற ஸ்கூட்டர்காரரையும் வாரிக்கொண்டு போகும். பாரம் இறக்கிய வெற்று டிரெய்லருக்கே இந்த அபாயம் அதிகம். இதைத் தடுக்க வந்ததுதான் ஏ.பி.எஸ். சக்கரத்தோடு சுற்றும் பல்வளையத்தின் அருகே ஒரு சிறு காந்த உணர்வி இருக்கும். சக்கரம் இறுகப் போகிறதென்று அது ஒயர் வழியே செய்தி அனுப்பும். உடனே வால்வு திறந்து காற்றைச் சற்றே தளர்த்தும்.

காற்றுக் குழாய்க்கும் இந்த ஒயருக்கும் குணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. லாரியிலிருந்து டிரெய்லருக்குக் காற்று கொடுக்கும் குழாய் அறுந்தால் ‘புஸ்’ஸென்று ஊரைக் கூட்டும், டிரெய்லரின் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். ஒயரோ அறுந்தாலும் வாய் திறக்காது. டிரைவரின் எதிரே ஒரு மஞ்சள் விளக்கு எரியும், அவ்வளவுதான். காற்றுப் பிரேக் வழக்கம்போல் வேலை செய்வதால், “வண்டிதான் ஓடுகிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று தோன்றும். அந்தப் ‘பிறகு’ ஒரு மழை இரவாக அமைந்துவிட்டால்?

ஆகவே, ஒயரைக் கட்டுகிற முறையில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆக்ஸில் மேலும் கீழும் ஆடும், சேஸிஸ் ஆடாது. இரண்டுக்கும் நடுவே போகும் ஒயரை விறைப்பாக இழுத்துக் கட்டினால் முதல் பள்ளத்திலேயே அறுந்துவிடும். தொங்கவிட்டாலோ டயரில் உரசித் தேயும். பிரேக் குழாயின் போக்கிலேயே கொண்டுபோய், ஏறத்தாழ ஒரு சாணுக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை போடவேண்டும். பட்டை ஒயரைப் பிடித்தால் போதும், நெரிக்கக்கூடாது! கொதிக்கும் டிரம்முக்கு அருகில் போகக்கூடாது. இரும்புத் துவாரத்தில் நுழையுமிடத்தில் ரப்பர் வளையம் அவசியம். மிஞ்சிய ஒயரை இறுக்கமாகச் சுருட்டாமல் அகலமாக மடித்துக் கட்டவேண்டும்.

அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது நம்மவர் கைவந்த கலை. வீட்டு மின்விசிறிக்கே அது ஆகாது; இங்கே அறவே ஆகாது. தண்ணீர் உள்ளே இறங்கி, செம்பு பச்சை பூத்து, செய்தி பாதி வழியில் நின்றுவிடும். ஈரம் புகாத இணைப்பு போடவேண்டும். இல்லாவிட்டால் ஒயரையே மாற்றவேண்டும்.

லாரியோடு டிரெய்லரைப் பூட்டும்போது, காற்றுக் குழாய்களோடு ஏ.பி.எஸ். பிளக்கையும் மறவாமல் மாட்டவேண்டும். சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு எரிகிறதா, பிறகு அணைகிறதா என்று பார்க்க வேண்டும். சில வண்டிகளில் கொஞ்சம் ஓடிய பிறகே அணையும். அணையாவிட்டால் பட்டறைக்குத்தான் போகவேண்டும். விளக்கு கண்ணை உறுத்துகிறதென்று பல்பைக் கழற்றுவது, வாசலில் குரைக்கிற நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமானம்!