பிள்ளைக்குத் தேர் கொடுத்தவர்கள்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் மே மாதத்தில் நம் நடுத்தரக் குடும்பங்களில் இப்போது ஒரு புதுச் சடங்கு நடக்கிறது. பையன் நல்ல மார்க் வாங்கியிருக்கிறான். இன்ஜினீயரிங் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. தகப்பனார் அவனை அழைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஷோரூமுக்குப் போகிறார். வண்டிக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் இட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். அம்மா கற்பூரம் காட்டுகிறாள். பந்தய வண்டியின் சாயலில் செய்யப்பட்ட ஓர் இயந்திரம், பதினெட்டு வயது நிரம்பி ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளையின் கையில் ஒப்படைக்கப்படுகிறது.

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான் என்று நாமெல்லாம் பள்ளியில் படித்திருக்கிறோம். அதனால் யாருக்கும் தீங்கில்லை. முல்லைக்கொடி தேரை ஓட்டப் போவதில்லை. நம் காலத்து வள்ளல்கள் பிள்ளைக்கல்லவா கொடுக்கிறார்கள்! இந்தக் கொடை தவறு என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்லும் நியாயங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் நியாயம் ஷோரூமிலேயே பிறந்துவிடுகிறது. "வெயிட் ரொம்பக் கம்மி சார். தம்பி ஈஸியா ஹேண்டில் பண்ணிடுவார்" என்கிறார் விற்பனையாளர். தகப்பனாரும் வண்டியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துத் தலையாட்டுகிறார்.

எடை குறைவு என்பது வாஸ்தவம். ஆனால் அந்தக் குறைவினால் பலன் அடைவது பையனா, என்ஜினா? ஒரு கணக்குப் போடுவோம். நம்மில் பலருடைய முதல் கார் மாருதி 800. அதன் என்ஜினுக்கு 37 குதிரைச் சக்தி. காரின் எடை ஏறத்தாழ 650 கிலோ. அதில் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், போதாக்குறைக்குப் பாட்டி, பட்சணக் கூடை எல்லாம் ஏறித் திருப்பதி வரை போய் வந்தோம். 2013-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த கே.டி.எம். 390 டியூக் மோட்டார் சைக்கிளுக்கு 43 குதிரைச் சக்தி. எடை ஏறத்தாழ 150 கிலோ. ஒரு குடும்பத்தையே சுமந்த சக்தியைவிட அதிகமான சக்தி, காரின் எடையில் கால் பங்குகூட இல்லாத ஒரு வண்டியில், அறுபது கிலோ எடையுள்ள ஒரு பையனுக்காக! வண்டியை நான் குறை சொல்லவில்லை. கை தேர்ந்தவனுக்கு அது அருமையான வண்டி. கை தேராதவனுக்கு அதை ஏன் கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

மேல்நாடுகளில் இதே விவாதம் எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி நடக்கிறது. லோட்டஸ் கார் நிறுவனத்தை நிறுவிய காலின் சாப்மன், எடையைக் குறைப்பதையே தம் தொழிலின் வேதமாகக் கொண்டிருந்தார். அவர் காலமான பிறகு 1996-ல் அந்த நிறுவனம் வெளியிட்ட எலீஸ் என்ற காரின் எடை ஏறத்தாழ 725 கிலோதான். இப்படிப்பட்ட கார் சாலையின் ஒவ்வொரு அசைவையும் ஓட்டுகிறவன் கைக்குச் சொல்லிவிடும், ஆகவே புதிதாகப் பழகும் பையனுக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது என்று அங்கே வாதிடுகிறவர்கள் உண்டு. வாத்தியார் நல்லவர்தான், ஆனால் முதல் தப்புக்கே பிரம்பை எடுத்துவிடுவார். அமெரிக்காவில் கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான இன்ஷூரன்ஸ் நிறுவனம், பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அதிகக் குதிரைச் சக்தியும் வேண்டாம், மிகச் சிறிய காரும் வேண்டாம் என்று பெற்றோருக்கு ஆலோசனை சொல்கிறது. அங்காவது பிள்ளையைச் சுற்றி இரும்புக் கூடும், இடுப்பில் பெல்ட்டும், முன்னால் காற்றுப் பையும் இருக்கின்றன. நம் பிள்ளையைச் சுற்றி இருப்பது ஒரு பனியனும் கால்சராயும். தலைக்கவசம் பெரும்பாலும் பெட்ரோல் டாங்கின் மேல் இருக்கிறது.

இரண்டாவது நியாயம், "எங்கள் பையன் நிதானமானவன்" என்பது. நம்புகிறேன். ஆனால் நிதானம் குணத்தைச் சேர்ந்தது. பிரேக் பிடிப்பது கைப்பழக்கத்தைச் சேர்ந்தது. திடீரென்று எதிரே ஒரு நாய் வந்தால், பழக்கமில்லாதவன் பயந்துபோய்ப் பின் பிரேக்கை மட்டும் காலால் அழுத்துகிறான். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன் சக்கரத்துக்குப் போய்விடுகிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை முன் பிரேக்தான் செய்ய வேண்டும். இது அறிவுக்குத் தெரிந்தால் போதாது, விரல்களுக்குத் தெரிய வேண்டும். அதற்கு மாதக்கணக்கில், சிறிய வண்டியில், சிறிய வேகத்தில் பழக வேண்டும். எவ்வளவு நல்ல பையனாக இருந்தாலும் இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

மூன்றாவது நியாயம் கொஞ்சம் கனமானது. விலை உயர்ந்த வண்டியில் நல்ல டிஸ்க் பிரேக் இருக்கிறது, அகலமான டயர் இருக்கிறது, 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 முதல் ஏ.பி.எஸ். கட்டாயம், சின்ன வண்டிகளில் பலவற்றுக்கு அது கிடையாது, ஆகையால் பெரிய வண்டிதான் பத்திரம் என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரே வேகத்தில் போகும் இரண்டு வண்டிகளில் நல்ல பிரேக் உள்ளதே மேல். ஆனால் அவை ஒரே வேகத்தில் போவதில்லையே! ஐம்பதில் போகும் வண்டியை நூறில் ஓட்டினால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகிறது. அபாயத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், நூறு கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடியில் வண்டி 28 மீட்டர் ஓடிவிடுகிறது. ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பாற்றும். ஓட்டுகிறவனுடைய வேக ஆசையை அது ஒன்றும் செய்யாது.

நான்காவது நியாயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த வண்டி பையனுக்காக மட்டும் வாங்கப்படுவதல்ல. எதிர்வீட்டுப் பையனிடம் இருக்கிறது. தம் பிள்ளை தாழ்ந்துவிடக் கூடாது. தாம் கல்லூரிக்கு சைக்கிளில் போன குறையைத் தகப்பனார் மகன் மூலம் தீர்த்துக்கொள்கிறார். மாதத் தவணை கட்டுகிறவர் அவர். வீதியில் தலை நிமிர்ந்து நடக்கிறவரும் அவரே. அதே வீட்டில் பெண் ஒருத்தி இருந்தால் அவளுக்குக் கிடைப்பது ஒரு ஸ்கூட்டரும் நூறு புத்திமதிகளும். மெதுவாகப் போ, இருட்டுவதற்குள் வந்துவிடு, போய்ச் சேர்ந்ததும் போன் செய். இந்தப் புத்திமதிகளில் பாதியைப் பையனுக்கு மாற்றிக் கொடுத்தால் இருவருக்கும் நன்மை.

2022-ல் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் போனவர்கள். அந்த ஆண்டில் மிக அதிகமான விபத்துகள் நடந்த மாநிலம் எது? நம்முடையதுதான்: 64,105. எல்லாவற்றுக்கும் கல்லூரிப் பையன்களே காரணம் என்று சொல்ல மாட்டேன். இப்படிப்பட்ட சாலைக்குப் பிள்ளையை அனுப்பும்போது எதைக் கொடுத்து அனுப்புகிறோம் என்று யோசிக்க வேண்டாமா?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது; ஆனால் அது பதினெட்டாவது பிறந்தநாளோடு தூங்கப் போய்விடுகிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் தகப்பனாருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. திருவாரூர் வீதியில் மகன் ஓட்டிய தேரில் ஒரு கன்று அகப்பட்டு மாண்டதற்குத் தானே பொறுப்பேற்ற மனுநீதிச் சோழனின் மரபுக்கு இது ஏற்ற சட்டம்தான். ஆனால் அடுத்த நாள், பதினெட்டு நிரம்பியதும், பையன் ஒரு சின்ன வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டினால் போதும். 'கியர் உள்ள மோட்டார் சைக்கிள்' என்று லைசென்ஸில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அது 100 சி.சி.க்கும் செல்லும், 1000 சி.சி.க்கும் செல்லும்!

பிரிட்டனில் இப்படி இல்லை. அங்கே பதினெட்டு வயதுப் பையன் 125 சி.சி.யை, ஏறத்தாழ 15 குதிரைச் சக்தியைத் தாண்டக் கூடாது. 19 வயதில் வேறு தேர்வு எழுதித் தேறினால் 47 குதிரைச் சக்தி வரை ஓட்டலாம். அதில் இரண்டு வருஷம் ஓட்டி மறுபடியும் தேறினால் 21-ல், இல்லாவிட்டால் 24-ல் தேர்வு எழுதித்தான் எல்லையற்ற லைசென்ஸ். இந்தப் படிமுறை நமக்கும் வேண்டும் என்று அரசாங்கத்தைக் கேட்க வேண்டும். அது வரும்வரை தகப்பனார்களே சட்டமாக இருந்துவிட்டுப் போகலாம். எட்டுக்கும் பதினொன்றுக்கும் இடைப்பட்ட குதிரைச் சக்தியில், முன்னால் டிஸ்க் பிரேக்குடன் நல்ல வண்டிகள் எவ்வளவோ கிடைக்கின்றன. மிச்சப்படும் பணத்தில் முதல் தரமான தலைக்கவசம் இரண்டு வாங்குங்கள். ஒன்று பையனுக்கு, ஒன்று அவன் பின்னால் உட்காரப் போகிற வேறொருவர் வீட்டுப் பிள்ளைக்கு. இரண்டு வருஷம் அவன் அந்த வண்டியை விழாமல், இடிக்காமல், மழையிலும் இருட்டிலும் ஓட்டிக் காட்டட்டும். பிறகு பெரிய வண்டி வேண்டுமானால் தன் சம்பளத்தில் வாங்கிக்கொள்ளட்டும். தன் பணத்தில் தவணை கட்டுகிறவன் வண்டியைச் சுவரில் மோதுவதற்குமுன் கொஞ்சம் யோசிப்பான்.

பையன் கோபித்துக்கொள்வான். அறைக் கதவைச் சாத்திக்கொள்வான். இரண்டு நாள் சாப்பிட மாட்டேன் என்பான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்கித்தான் கொடுத்துவிடுங்களேன்" என்பாள். அசைந்து கொடுக்காதீர்கள், ஐயா. மூன்றாம் நாள் பசிக்கும். வந்து உட்கார்ந்து சாப்பிடுவான்.