லங்கேஷின் வாரிசு யார்?

ஒரு வரி விளம்பரம் கிடையாது. ஆங்கிலம் கற்பித்தவரும் ‘பல்லவி’ படத்துக்குத் தேசிய விருது வாங்கியவருமான பி. லங்கேஷ், 1980இல் பெங்களூரில் தொடங்கிய கன்னட வார இதழ் ‘லங்கேஷ் பத்திரிகெ’ வாசகர் காசிலேயே ஓடியது. விளம்பரதாரர் தயவு வேண்டியதில்லையே! முதல்வர் குண்டுராவ் தொடங்கி அதிகாரத்தில் இருந்தவர்களைச் சாடித் தீர்த்தது. தரம் தாழ்ந்த நடை என்று முகம் சுளித்தவர்களும் உண்டு.

2000 ஜனவரியில் லங்கேஷ் மறைய, மூத்த மகள் கௌரி ஆசிரியரானார். மகன் இந்திரஜித் வெளியீட்டாளர். 2005இல் நக்சலைட்டுகள் பற்றிய செய்தி ஒன்றில் வெடித்த தகராறு போலீஸ் புகார்வரை போனது. தந்தை நடத்திய இதழ் தம்பியிடம் தங்கியது. ‘கௌரி லங்கேஷ் பத்திரிகெ’ என்று தனியாகத் தொடங்கிய அக்கா, அதிலும் விளம்பரம் வாங்கவில்லை. 2017 செப்டம்பர் 5 இரவு ராஜராஜேஸ்வரி நகரில், தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்படும்வரை அதை நடத்தினார்.