காலகட்டத்தைப் பதிவுக்குள் பூட்ட வேண்டாம்

நாடக வரலாற்றுக்காகப் பலர் கூடித் தரவுத்தளம் அமைக்கும்போது, காலகட்டங்களை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி முதல் நாளே வந்து நிற்கும். கூத்து, சங்கரதாஸ் சுவாமிகள் காலம், சபா நாடகம், திராவிட இயக்க நாடகம், நவீன நாடகம் என்ற வரிசை நமக்கெல்லாம் மனப்பாடம். வகுப்பறைக்கு அது போதும். ஒவ்வொரு நிகழ்த்தலையும் தனித்தனியே பதியும் இடத்தில் அது தாக்குப்பிடிப்பதில்லை.

சுவாமிகள் 1922இல் மறைந்தார். அவருடைய ‘வள்ளி திருமணம்’ மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகமாக இன்றும் விடிய விடிய நடக்கிறது. இந்த ஆண்டு நடந்த ஆட்டத்தை எந்தக் கட்டத்தில் போடுவது? ‘சங்கரதாஸ் காலம்’ என்றால் பொய். ‘நவீனம்’ என்றாலும் பொய். வெறுமையாக விட்டால் தேடலில் அது அகப்படாது. அதில் நடித்த ராஜபார்ட்டும் பபூனும் வரலாற்றிலிருந்தே விழுந்துவிடுவார்கள். தெருக்கூத்துக்கும் இதே கதிதான். வரிசையின் முதல் கட்டத்தில் வைத்ததாலேயே அது முடிந்துபோன கலை ஆகிவிடுகிறது. 1977இல் தோன்றிய கூத்துப்பட்டறை, புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் கற்றுக்கொண்டதைச் சொல்லாமல் நவீன நாடகத்தின் வரலாற்றை எழுத முடியுமா?

ஆண்டுகளும் நம்மை ஏமாற்றும். ‘மனோன்மணீயம்’ அச்சேறியது 1891இல். சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியதும் அதே ஆண்டில். எல்லைக்கோடு போட இதைவிட வசதியான ஆண்டு கிடைக்காது. ஆனால் முன்னது படிப்பதற்கென்று எழுதிய நூல், பின்னது மேடையேறிய குழு. நூல் வரலாற்றைப் பிரிக்கும் கோடு மேடை வரலாற்றையும் பிரிக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்? கடல் தாண்டினால் கோடே இடம் மாறும்: ஈழத்துக் கூத்து வரலாற்றில் திருப்பம் 1960களில், பேராதனையில் சு. வித்தியானந்தன் கூத்துகளை மேடைக்குத் திருத்தி அமைத்தபோது வருகிறது. லண்டனிலும் 1642 முதல் 1660 வரை அரங்குகள் மூடிக் கிடந்த காலம் என்று தனியே ஒதுக்குவார்கள். அந்த இடைவெளியில்தான், 1656இல், டாவெனன்ட் ‘ரோட்ஸ் முற்றுகை’யை அரங்கேற்றினார்.

ஆகவே நிகழ்த்தல் பதிவில் காலகட்டம் என்ற புலமே வேண்டாம் என்பது நம் கருத்து. நாள், ஊர், வடிவம், குழு, சான்று ஆகியவை பதிவில் இருக்கட்டும். காலகட்டம் என்பது ஓர் ஆய்வாளரின் கூற்று. அதைத் தனி அடுக்கில், யார் சொன்னது, எந்த வட்டாரத்துக்கு, எந்த வடிவத்துக்கு, எதை வைத்து என்ற விவரங்களோடு எழுதி வைக்கலாம். இருவர் பிரித்த காலங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால் நிற்கட்டும். கூட்டுப்பணியில் வாக்கெடுத்து ஒன்றை அழிப்பது தரவையே அழிப்பதாகும்.

இது நடக்க வேண்டுமானால் நாள் சரியாக இருக்க வேண்டும். பழைய நோட்டீஸ்களில் தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருப்பதுண்டு. ‘சித்திரபானு தை’ என்றால் 1883 தொடக்கமாகவும் இருக்கலாம், 1943 தொடக்கமாகவும் இருக்கலாம். அறுபது ஆண்டு வித்தியாசம். சித்திரையில் ஆண்டு பிறப்பதால், 1882, 1942 என்று ஓராண்டு முந்திப் பதிந்துவிடும் பிழையும் எளிதில் நேரும். அச்சில் உள்ளதை உள்ளபடி ஒரு புலத்திலும், நாம் கணித்த ஆங்கில ஆண்டை ‘இதற்கு முன் அல்ல, இதற்குப் பின் அல்ல’ என்ற இரு எல்லைகளாக வேறு புலங்களிலும் பதிய வேண்டும். அச்சகத்தின் பெயர், டிக்கெட் விலை, நடிகர் வரிசை ஆகியவற்றைக் கொண்டு அந்த எல்லைகளைப் பின்னால் வருபவர் நெருக்கிக்கொள்வார்.

ஏற்கெனவே காலகட்டம் குறித்து வைத்திருக்கும் குழுக்கள் அதை அழித்துவிட வேண்டியதில்லை. பதிந்தவர் பெயரோடும் பதிந்த தேதியோடும் கூற்றுகளின் அடுக்குக்கு அதை மாற்றிவிடலாம்.